எழுத மாட்டேன் என்கிற பிள்ளைக்கு எந்தப் பாடத்திட்டம்?

பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே சொல்லிக்கொடுக்கும் ஹோம்ஸ்கூலிங் பெற்றோர் நாலு பேர் கூடினால் கணக்கைப் பற்றிய பேச்சு சீக்கிரம் முடிந்துவிடும். வாசிப்பும் அப்படித்தான். இழுத்துக்கொண்டே போவது எழுத்துதான். "வாய் ஓயாமல் பேசுகிறான், நோட்டைத் திறந்தால் மட்டும் எதுவும் வருவதில்லை. எந்தப் பாடத்திட்டம் வாங்கலாம்?" இந்தக் கேள்விக்கு உடனே ஒரு பெயரைச் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. பிள்ளை எந்த இடத்தில் தடுமாறுகிறது என்று தெரியாமல் பாடத்திட்டம் சொல்வது, தலைவலியா வயிற்றுவலியா என்று கேட்காமலே மாத்திரை கொடுப்பது மாதிரி.

என் மகனுக்கு ஏழு வயது இருக்கும். சுவரில் இருந்த பல்லி ஒன்று வாலை விட்டுவிட்டு ஓடியதைப் பார்த்துவிட்டான். அன்று முழுக்க அதே பேச்சு. வால் தனியாகத் துள்ளியது, எப்படித் துள்ளியது, எவ்வளவு நேரம் துள்ளியது, பல்லிக்கு வலித்திருக்குமா என்று. சரி, இதையே எழுதேன் என்று நோட்டைக் கொடுத்தேன். "பல்லி வாலை விட்டுட்டு ஓடிப்போச்சு, வால் மட்டும் துள்ளிக்கிட்டே இருந்துச்சு" என்று வாயால் அழகாகச் சொல்லிவிட்டு பென்சிலை எடுத்தான். 'பல்' வரை வந்தான். அடுத்தது 'லி'யா 'ளி'யா என்று கேட்டான். சொன்னேன். எழுதினான். 'வாலை'யில் கொம்பு முன்னால் வருமா பின்னால் வருமா என்று யோசித்தான். அழித்தான். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, "நான் என்ன சொன்னேன்?" என்று கேட்டான். கடைசியில் நோட்டில் இருந்தது இரண்டே சொல்: "பல்லி ஓடியது."

இதைச் சோம்பேறித்தனம் என்று சொல்வது சுலபம். ஆனால் அவன் செய்தது ஒரு கணக்கு. தன்னால் எழுத்துப்பிழை இல்லாமல், கை வலிக்காமல், மறந்துபோகாமல் எழுதி முடிக்கக்கூடிய அளவுக்கு வாக்கியத்தைச் சுருக்கிக்கொண்டான். வாலும் துள்ளலும் வலியும் அவனுக்கு அந்த நேரத்தில் கட்டுப்படியாகவில்லை.

எழுத்து என்பது ஒரு வேலை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம், நமக்குக் கை தானாக ஓடுவதால். எழுத்துக் கற்றலை நெடுங்காலம் ஆராய்ந்த வர்ஜீனியா பெர்னிங்கர் அதை மூன்றாகப் பிரித்துக் காட்டினார். எழுத்துருவும் எழுத்துக்கூட்டலும் ஒரு பக்கம், எண்ணத்தை மொழியாக்குவது இன்னொரு பக்கம், திட்டமிட்டுக் கவனத்தைக் கட்டிக்காப்பது மூன்றாவது. மூன்றும் சேர்ந்து, அந்த நேரத்துக்கு மனதில் பிடித்து வைக்கும் ஒரே சின்ன இடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. அதில் ஒன்று அதிக இடத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றவை வெளியே தள்ளப்படும். பல்லியின் வால் தள்ளப்பட்டது இப்படித்தான்.

ஆகவே "எழுத மாட்டேன்" என்பது ஒரே பதிலாக இருந்தாலும் அதற்குப் பின்னால் இருக்கும் காரணம் பிள்ளைக்குப் பிள்ளை வேறு. கை வலிக்கலாம். எழுத்துக்கூட்டல் வராமல் இருக்கலாம். சொல்ல எதுவும் இல்லாமல் இருக்கலாம், அல்லது சொல்ல இருப்பதை எங்கே தொடங்குவது என்று தெரியாமல் இருக்கலாம். எல்லாம் இருந்தும் தப்பாகிவிடுமோ என்ற பயம் இருக்கலாம். சந்தையில் இருக்கும் பாடத்திட்டங்களில் ஒவ்வொன்றும் இவற்றில் ஏதோ ஒன்றைத்தான் முக்கியக் காரணமாக எடுத்துக்கொண்டு அதற்கு மருந்து கொடுக்கிறது. அட்டையில் மட்டும் எல்லாமே "எழுதத் தயங்கும் பிள்ளைகளுக்கு ஏற்றது" என்றுதான் போட்டிருக்கும்.

எதையும் வாங்கும் முன் வீட்டிலேயே பார்த்துவிடலாம். ஒரு நாள் பிள்ளை சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள். இன்னொரு நாள் அவனுக்குப் பிடித்த புத்தகத்திலிருந்து இரண்டு வரியைப் பார்த்து எழுதச் சொல்லுங்கள். மற்றொரு நாள் அதே அளவில் வேறு இரண்டு வரியை நீங்கள் சொல்லி அவன் எழுதட்டும். சொல்லும்போது அருவி மாதிரி கொட்டி, பார்த்து எழுதும்போது திணறினால், தடை கையில் இருக்கிறது. பார்த்து எழுதுவது ஒழுங்காக வந்து, சொல்வதெழுதலில் சரிந்தால், எழுத்துக்கூட்டலிலோ வாக்கியத்தை மனதில் பிடித்து வைப்பதிலோ குறை. இரண்டும் நன்றாக வந்து, சொல்லச் சொன்னால் "ஒண்ணும் இல்லை" என்றால், சரக்கு வேண்டும் அல்லது சட்டகம் வேண்டும். எல்லாமே வருகிறது, தனியாக எழுது என்றால் மட்டும் அழுகை என்றால், அது பயம்.

கை விஷயத்தை முதலில் பேசி முடித்துவிடுகிறேன். பென்சிலை முஷ்டி மாதிரி இறுக்கிப் பிடிப்பது, சில வரிகளிலேயே கையை உதறுவது, ஒரே எழுத்தை ஒரே பக்கத்தில் மூன்று அளவில் எழுதுவது, எட்டு ஒன்பது வயதிலும் சொற்களுக்கு நடுவில் இடைவெளி விடத் தெரியாதது, இதெல்லாம் நல்ல பயிற்சிக்குப் பிறகும் நீடித்தால் எழுத்துப் பாடத்திட்டத்தை மாற்றிப் பயனில்லை. டிஸ்கிராஃபியா என்ற எழுத்துச் சிரமமா என்று ஒரு ஆக்குபேஷனல் தெரபிஸ்டிடமோ கற்றல் குறைபாடுகளைப் பார்க்கும் உளவியலாளரிடமோ காட்டிவிடுவது நல்லது. அதுவரை கையெழுத்துப் பயிற்சி தனி, கட்டுரை தனி. கட்டுரைக்கு உங்கள் கை போதும்.

நாம் எழுதிக் கொடுத்தால் அது ஏமாற்று வேலை ஆகாதா என்று பெற்றோருக்கு ஒரு உறுத்தல் இருக்கிறது. வீட்டுக்கு வரும் பெரியவர்களும் சேர்ந்து உறுத்துவார்கள். இதில் என் மனம் தெளிவாக இருக்கிறது: ஆகாது. வாக்கியத்தை அமைத்தது யார், அவன்தானே? சார்லட் மேசன் (1842–1923) என்ற ஆங்கிலேயக் கல்வியாளர் இதை முறையாகவே வகுத்து வைத்தார். ஒன்பது வயதுக்குள் கட்டுரை என்று தனிப்பாடம் தேவையில்லை, ஒரு முறை வாசித்துக் காட்டியதைப் பிள்ளை தன் சொற்களில் திருப்பிச் சொன்னால் அதுவே கட்டுரை என்பது அவர் கட்சி. கொஞ்சம் வளர்ந்ததும் ஒரு பகுதியைச் சொல்லி ஒரு பகுதியை எழுதலாம் என்றார். பாடங்கள் குறுகிய நேரத்துக்குள் முடிய வேண்டும் என்பதிலும் கறாராக இருந்தார். இன்று ஹோம்ஸ்கூலிங் உலகத்தில் திருப்பிச் சொல்லல், பார்த்து எழுதல், சொல்வதெழுதல் என்று மூன்றையும் சேர்த்துப் போடும் எந்தத் திட்டத்தைத் திறந்தாலும் அடியில் இவர் இருப்பார்.

சூசன் வைஸ் பாவர் எழுதிய 'ரைட்டிங் வித் ஈஸ்' என்ற பாடத்திட்டம் இந்த வழியில் நன்றாக அறியப்பட்டது. எண்ணத்தைச் சொல்லாக்குவது ஒரு வேலை, சொல்லைத் தாளில் இறக்குவது இன்னொரு வேலை, சின்னப் பிள்ளையிடம் இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்காதீர்கள் என்பதுதான் அதன் அடிப்படை. திருப்பிச் சொல்லும்போது பிள்ளை கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு சொன்னால் போதும். பார்த்து எழுதும்போது எண்ணத்துக்கு ஓய்வு. பிறகு இரண்டும் மெல்ல மெல்லச் சேர்கின்றன. பல்லி வாக்கியத்தைச் சுருக்கிய என் மகன் மாதிரிப் பிள்ளைகளுக்கு இந்த வழி பொருந்தும். பாடங்கள் சின்னவை, பெற்றோர் தயாரிப்பு குறைவு, அழுகைக்கு இடம் கொஞ்சம்.

ஆனால் எல்லோருக்கும் பொருந்தாது. தலைக்குள் ஒரு டிராகன் சாம்ராஜ்யத்தையே நடத்திக்கொண்டிருக்கும் பிள்ளையிடம் வாரக்கணக்கில் யாரோ எழுதியதைப் பார்த்து எழுதச் சொன்னால் அது சண்டைக்குத்தான் வரும். கை வலிக்கும் பிள்ளைக்கோ பார்த்து எழுதுவதே தண்டனை. அங்கே அளவை ஒரு வாக்கியத்துக்கு, சில சமயம் அரை வாக்கியத்துக்குக் குறைக்க வேண்டியிருக்கும். புத்தகத்தில் போட்டிருக்கிற அளவைத் தொட்டுக் கும்பிட வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

இந்த இடத்தில் தமிழ்ப் பிள்ளைகளுக்கே உரிய ஒரு சிக்கல் குறுக்கே வருகிறது. வெளிநாட்டில் தயாரான எந்தப் பெட்டியிலும் இதற்கு வழி எழுதியிருக்காது. நம் பிள்ளை பேசுகிற தமிழ் வேறு, எழுத வேண்டிய தமிழ் வேறு. ஆங்கிலத்தில் திருப்பிச் சொல்லும் பிள்ளை, தான் சொன்னதையே கிட்டத்தட்ட அப்படியே எழுதலாம். தமிழில் "துள்ளிக்கிட்டே இருந்துச்சு" என்று சொன்னவன் "துள்ளிக்கொண்டே இருந்தது" என்று மாற்றி எழுத வேண்டும். அதாவது கை, எழுத்துக்கூட்டல், எண்ணம் என்ற சுமைகளின் மேல் இன்னொரு சுமை. போதாக்குறைக்கு ல, ள, ழ. ர, ற. ன, ண, ந. ஒற்று மிகுமா மிகாதா.

நான் கண்ட வழி இதுதான். பிள்ளை சொல்வதைப் பேச்சுத் தமிழிலேயே எழுதிக்கொள்கிறேன், திருத்தாமல். பிறகு அதை அவனுக்கே வாசித்துக் காட்டி, "இதையே கதைப் புத்தகத்தில் எப்படிப் போட்டிருப்பார்கள்?" என்று கேட்கிறேன். நிறைய வாசித்துக் கேட்ட பிள்ளைகள் தாங்களாகவே "இருந்துச்சு"வை "இருந்தது" ஆக்கிவிடுவார்கள். காதில் எழுத்துத் தமிழ் விழாமல் வளர்ந்தவர்களால் முடியாது. அவர்களுக்கு எந்தப் பாடத்திட்டத்துக்கும் முன்னால் சத்தமாக வாசித்துக் காட்ட ஒரு பருவம் தேவை. சொல்வதை அப்போதே திருத்தி எழுதினால் என்ன ஆகிறது என்றால், பிள்ளை தன் சொல்லைத் தாளில் பார்ப்பதில்லை, அம்மாவின் சொல்லைப் பார்க்கிறது. அடுத்த முறை சொல்வதைக் குறைத்துக்கொள்ளும்.

இனி "என்ன எழுதுறதுன்னே தெரியலை" என்கிற பிள்ளை. இவர்களுக்கு வெற்றுத்தாள்தான் எதிரி. "உனக்குப் பிடித்ததை எழுது" என்று சொல்வது இவர்களுக்குச் செய்யும் பெரிய கொடுமை. இங்கே எனக்குப் பிடித்த ஆசிரியர் பெஞ்சமின் பிராங்க்ளின். அவர் சிறுவயதில் தன் எழுத்தைத் தானே சீர்செய்துகொண்ட முறையைத் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். நல்ல கட்டுரை ஒன்றை எடுத்து, ஒவ்வொரு வாக்கியத்தின் கருத்துக்கும் ஒரு சின்னக் குறிப்பு எழுதிக்கொள்வார். சில நாள் விட்டுவிட்டு, குறிப்பை மட்டும் வைத்துக் கட்டுரையைத் தன் சொற்களில் திரும்ப எழுதுவார். அப்புறம் மூலத்தோடு ஒப்பிடுவார். சில சமயம் குறிப்புகளை வேண்டுமென்றே கலைத்துப் போட்டு, எது எதற்குப் பின் வர வேண்டும் என்று தானே கண்டுபிடிப்பார். சொந்தமாக யோசி என்று யாரும் அவரை விரட்டவில்லை. சரக்கு இரவல், சொல் சொந்தம்.

இதே முதுகெலும்பில்தான் ஹோம்ஸ்கூலிங் வட்டத்தில் ஐ.இ.டபிள்யூ. என்று அழைக்கப்படும் 'இன்ஸ்டிட்யூட் ஃபார் எக்ஸலன்ஸ் இன் ரைட்டிங்' நிற்கிறது. ஆண்ட்ரூ புடேவா வீடியோவில் பாடம் நடத்துவார். ஒரு சின்னப் பத்தி, வாக்கியத்துக்கு மூன்று திறவுச்சொல், பிறகு அந்தச் சொற்களை மட்டும் பார்த்து வாயால் சொல்லிப் பார்ப்பது, அதன் பின்தான் எழுதுவது. காகமும் குடமும் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 'தாகமெடுத்த காகம் தொலைவில் ஒரு குடத்தைக் கண்டது.' இதில் எந்த மூன்று சொல்லை எடுப்பாய் என்று கேட்டால் பிள்ளைகள் வாதாட ஆரம்பித்துவிடுவார்கள். தாகம், காகம், குடம் என்பான் ஒருவன். 'கண்டது' இல்லாமல் எப்படி என்பாள் இன்னொருத்தி. அடுத்த வாக்கியம்: 'தண்ணீர் அடியில் கிடந்தது, அலகு எட்டவில்லை.' தண்ணீர், அடி, அலகு. மூலத்தை மூடி வைத்துவிட்டு, "தாகம், காகம், குடம்... சொல்லு பார்க்கலாம்" என்றால், ஒன்றுமே இல்லை என்று உட்கார்ந்திருந்த பிள்ளை ஒரு முழு வாக்கியம் சொல்லும். அது மூலத்திலிருந்த வாக்கியமாக இருக்காது. அங்கேதான் நமக்கு வேலை ஆரம்பம்.

கிரேக்க, ரோமானிய மாணவர்களும் கிட்டத்தட்ட இப்படித்தான் தொடங்கினார்கள். புரோஜிம்னாஸ்மாட்டா என்ற 14 படிப் பயிற்சி வரிசையில் முதல் படியே நீதிக்கதையைத் திரும்பச் சொல்வது. இதே கதையைச் சுருக்கு, இதே கதையைப் பெருக்கு. அந்த வரிசையைத் தழுவிய பாடநூல்கள் இன்றும் கிடைக்கின்றன. கொஞ்சம் பொறுமை உள்ள பிள்ளைகளுக்கு அவை பொருந்தும்.

ஐ.இ.டபிள்யூ. முறையில் எனக்கு ஒத்துவராத பகுதி அதன் அலங்காரப் பட்டியல். பத்திக்குப் பத்தி ஒரு வினையடை, ஒரு வலுவான வினைச்சொல், 'ஏனெனில்' வரும் ஒரு தொடர் என்று டிக் போடும் சரிபார்ப்புப் பட்டியல் உண்டு. ஒன்றும் தோன்றாத பிள்ளைக்கு அது கைப்பிடியாக இருக்கிறது, மறுக்கவில்லை. தமிழில் அப்படியே போட்டால்தான் கூத்து. "காகம் வேகமாக அழகாகப் பறந்து ஆவலாகக் குடத்தை உற்சாகமாகப் பார்த்தது" என்று 'ஆக'க்களின் ஊர்வலமே கிளம்பிவிடும். குறிப்புச் சட்டகத்தை முழுசாக எடுத்துக்கொண்டு பட்டியலைப் பாதியாக வெட்டுங்கள் என்பேன்.

பயம் பிடித்த பிள்ளைகளைப் பற்றி. என் மகள் இந்த ரகம். எழுத்து முத்து முத்தாக இருக்கும், ஆனால் ஒரு எழுத்து கோணினால் ரப்பரை எடுத்துத் தேய்ப்பாள். தேய்த்த இடம் கருத்துப்போகும், அதைத் தேய்ப்பாள், தாள் கிழியும், நோட்டை மூடிவிட்டு எழுந்து போய்விடுவாள். அவளிடமிருந்து பென்சிலை வாங்கிக்கொண்டு பேனா கொடுத்தேன். தப்பானால் ஒரே கோடு அடித்துவிட்டு மேலே போக வேண்டும், அவ்வளவுதான் விதி. நான் எழுதும் குறிப்புகளில் எத்தனை அடித்தல் இருக்கிறது என்று பக்கத்தில் வைத்துக் காட்டினேன். முதல் சில நாள் முனகினாள். தாள் கிழிவது நின்றுவிட்டது.

இந்தப் பிள்ளைகளுக்கு 'பிரேவ் ரைட்டர்' என்ற பாடத்திட்டத்தின் வழி கைகொடுக்கும். ஜூலி போகார்ட் உருவாக்கியது. நேரக் கடிகாரத்தை வைத்து, சில நிமிடம் கை நிறுத்தாமல் எழுது, எழுத்துப்பிழை பார்க்காதே, எதுவும் தோன்றாவிட்டால் "எதுவும் தோன்றவில்லை" என்றே எழுது என்கிற கட்டற்ற எழுத்துப் பயிற்சி அதில் முக்கியமான அங்கம். இந்தப் பயிற்சியை 1970களில் பெரியவர்களிடையே பரப்பியவர் பீட்டர் எல்போ. சின்னப் பிள்ளைகளிடம் அதற்கும் முன்படி: அவர்கள் ஆர்வமாகப் பேசும்போது பெற்றோர் ஓடிவந்து அதைக் குறித்துக்கொள்வது, பிறகு அதைக் குடும்பத்துக்கே வாசித்துக் காட்டுவது. அதற்கடுத்தது, நான் பாதி நீ பாதி என்று கூட்டாக எழுதுவது. திட்டவட்டமான தினசரி அட்டவணை வேண்டும் என்கிற பெற்றோருக்கு இந்த வழி கொஞ்சம் தவிப்பாக இருக்கும். கை வலிக்கிற பிள்ளைக்குக் கடிகாரத்தை வைத்து நிறுத்தாமல் எழுது என்று சொல்வதும் விபரீதம்.

இவ்வளவு பேசிவிட்டு வாக்கியத்தைப் பற்றிப் பேசாமல் விட முடியாது. எழுதத் தயங்கும் பிள்ளைகளில் பலர் பத்தி எழுத முடியாமல் தவிப்பது ஒரு வாக்கியத்தை நீட்டவும் மடக்கவும் தெரியாததால்தான். பாடத்திட்டங்களோ மூன்றாவது வாரத்திலேயே ஐந்து பத்திக் கட்டுரைக்குப் போய்விடுகின்றன. ஜூடித் ஹாக்மன் பரப்பிய முறையில் ஒரு எளிய பயிற்சி உண்டு. ஒரே தொடக்கத்தைக் கொடுத்து 'ஏனென்றால்', 'ஆனால்', 'அதனால்' என்று மூன்று விதமாக முடிக்கச் சொல்வது. 'எறும்புகள் வரிசையாகப் போகின்றன' என்று மகனுக்குக் கொடுத்தேன். "ஏனென்றால் முன்னால் போன எறும்பு விட்ட வாசனையைப் பிடித்துக்கொண்டு போகின்றன." "ஆனால் நடுவில் விரலால் தேய்த்தால் வழி தெரியாமல் சுற்றுகின்றன." "அதனால் ஒரு எறும்பு இரையைக் கண்டுபிடித்தால் கூட்டமே வந்துவிடுகிறது." மூன்றாவதை முடிக்க அவன் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது. எழுதியது மூன்றே வரி. ஆனால் அந்த மூன்று வரிக்கு எறும்பைப் பற்றி உண்மையிலேயே தெரிந்திருக்க வேண்டும், அதுதான் இந்தப் பயிற்சியின் கெட்டிக்காரத்தனம்.

இன்னொன்று வாக்கியங்களைச் சேர்ப்பது. 'நாய் குரைத்தது. பூனை பயப்படவில்லை. பூனை மதில்மேல் ஏறியது.' மூன்றையும் ஒன்றாக்கு. "நாய் குரைத்தும் பயப்படாமல் பூனை மதில்மேல் ஏறியது." "குரைத்த நாயைக் கண்டு பயப்படாத பூனை மதில்மேல் ஏறியது." எச்சங்களை வைத்து இப்படி விளையாட நம் மொழி ரொம்பவே இடம் கொடுக்கும். பெயரெச்சம் வினையெச்சம் என்று பெயர் சொல்லி மனப்பாடம் செய்ய வைத்தால் கிடைக்காதது இங்கே ஒரு சிரிப்போடு கிடைத்துவிடும். ஸ்டீவ் கிரஹாமும் டோலரஸ் பெரினும் 2007இல் வெளியிட்ட 'ரைட்டிங் நெக்ஸ்ட்' அறிக்கை, நாலாம் வகுப்பு முதல் 12ஆம் வகுப்பு வரையிலான மாணவர்களிடம் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. வாக்கியம் சேர்க்கும் பயிற்சி எழுத்தின் தரத்தை உயர்த்துகிறது, இலக்கணத்தைத் தனியாக எடுத்து நடத்துவது உயர்த்துவதில்லை என்று அதில் தெரிந்தது. இலக்கணப் பயிற்சிப் புத்தகம் வாங்கி, எழுத்துப் பாடம் முடிந்தது என்று டிக் போட்டுக்கொள்ளும் வீடுகள் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

அதே அறிக்கையில் மேலிடத்தில் இருந்தது, எப்படித் திட்டமிடுவது, எப்படித் திருத்துவது என்று வழிமுறையை வெளிப்படையாகக் கற்றுக்கொடுப்பது. கேரன் ஹாரிஸும் கிரஹாமும் வளர்த்த எஸ்.ஆர்.எஸ்.டி. என்ற முறை இந்த வகை. கருத்து, காரணங்கள், விளக்கம், முடிப்பு என்று ஒரு சின்ன ஞாபகச் சட்டகம் இருக்கும். ஆனால் சட்டகத்தைவிட முக்கியமானது, பெரியவர் பிள்ளையின் எதிரில் உட்கார்ந்து, மனதில் ஓடுவதையெல்லாம் சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதிக் காட்டுவது. "நாய் வளர்க்கலாம் என்று எழுதப் போகிறேன். முதல் வரி... 'நாய் நல்ல விலங்கு.' ம், இது எல்லோரும் சொல்வது. வேண்டாம். காரணத்திலிருந்து ஆரம்பிக்கலாமா? எனக்கு இப்போது ஒன்றும் தோன்றவில்லை. பரவாயில்லை, குறிப்பைப் பார்க்கிறேன்..." இப்படி. பெரியவர்களுக்கும் ஒன்றும் தோன்றாது, அதற்குப் பிறகும் எழுத முடியும் என்பதைப் பல பிள்ளைகள் அன்றுதான் முதல்முறையாகப் பார்க்கிறார்கள். இதற்கு ஒரு பெட்டியும் வாங்க வேண்டாம்.

பேசும்போது எதிரில் ஒருவர் இருக்கிறார், "அப்புறம்?" என்கிறார். எழுதும்போது அந்த "அப்புறம்?" இல்லை. கார்ல் பெரைட்டரும் மார்லீன் ஸ்கார்டமாலியாவும் 1980களில் செய்த ஆய்வுகளில், எழுதி முடித்துவிட்டேன் என்ற பிள்ளைகளை "இன்னும் கொஞ்சம்" என்று தூண்டினாலே மேலும் எழுதினார்கள். இதனால்தான் ஒரு ரகப் பாடத்திட்டங்களை வாங்க நான் தயங்குகிறேன்: பிள்ளை தானே வாசித்துத் தானே எழுதித் தானே முடித்துக்கொள்ளும், பெற்றோருக்கு வேலையே இல்லை என்று விளம்பரம் செய்பவை. கணக்கில் அது நடக்கலாம். எழுதத் தயங்கும் பிள்ளைக்கு பக்கத்தில் ஆள் வேண்டும்.

மாதிரிப் பக்கங்கள் பெரும்பாலும் இலவசமாகக் கிடைக்கும். அவற்றை எப்படிப் பார்ப்பது என்றால், முதல் பாடத்தை விட்டுவிடுங்கள், அது எப்போதும் இனிக்கும். நடுவில் ஒரு வாரத்தைப் பாருங்கள். பிள்ளை அன்று மொத்தம் எத்தனை வரி எழுத வேண்டியிருக்கிறது? நாம் எழுதினால் ஒப்புக்கொள்கிறதா? கட்டளை கொடுக்கும் முன் ஒரு மாதிரியைக் காட்டுகிறதா, இல்லை "ஒரு சுவையான தொடக்கம் எழுதுக" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறதா? திருத்தச் சொல்லும்போது ஒன்றைத் திருத்தச் சொல்கிறதா, ஒன்பதையா? ஆசிரியர் கையேட்டைப் படிக்கவே உங்களுக்கு அரை நாள் ஆகும் என்றால், களைப்பான ஒரு நாளில் அதைத் திறப்பீர்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். வயதைப் பார்த்து நிலையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு வாசிப்பில் ஒரு நிலை, எழுத்தில் இரண்டு படி கீழே என்பது சாதாரணம்.

தட்டச்சு பற்றி இரண்டு வார்த்தை. கை தடையாக இருக்கும் பிள்ளைக்குக் கணினி நல்ல துணை, மேலே சொன்ன அறிக்கையிலும் அதற்கு நல்ல மதிப்பெண். தமிழில் மட்டும் ஒரு எச்சரிக்கை. ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக மாற்றும் விசைப்பலகை, தானே சொல்லைப் பரிந்துரைத்துவிடுவதால் ழகரமும் ளகரமும் பிள்ளையின் கைக்கு வராமலே போய்விடும். தமிழ்99 விசைப்பலகையில் உயிரும் மெய்யும் தனித்தனியாக அடித்தால் உயிர்மெய் வந்துவிடும், எழுத்து எப்படிச் சேர்கிறது என்பதும் கூடவே பழகும். குரல் தட்டச்சு வேகமானதுதான். ஆனால் பேச்சுத் தமிழைக் கேட்டால் அது அடிக்கடி திணறும், பிள்ளையும் எரிச்சலாகும்.

பதினொன்று, பன்னிரண்டு வயதில் எழுத மறுப்பவர்களுக்கு மேலே சொன்னதெல்லாம் பொருந்தும், ஒரு மாற்றத்தோடு. அவர்களுக்கு முதல் நிலைப் புத்தகத்தை நீட்டினால் அட்டையில் இருக்கும் முயல் படமே அவமானம். காகத்தையும் குடத்தையும் ஓரமாக வைத்துவிட்டு, அவர்கள் விளையாடும் விளையாட்டின் விதிகளையோ, அவர்கள் துளைத்துத் துளைத்துப் படிக்கும் எரிமலையையோ, வீட்டில் அவர்களுக்கு ஒப்புக்கொள்ளவே முடியாத ஒரு கட்டுப்பாட்டையோ எடுத்துக்கொண்டு அதே மூன்று சொல் சட்டகத்தைப் போடலாம். கடைசியாகச் சொன்னதை என் மகன் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். திரை நேரத்தை ஏன் கூட்ட வேண்டும் என்று காரணம், விளக்கம், முடிப்போடு ஒரு பக்கம் எழுதி என்னிடம் நீட்டினான். இரண்டாவது காரணம் பலவீனமாக இருக்கிறது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். திருத்தி எடுத்துக்கொண்டு வந்தான், கேட்டதில் பாதி நேரத்தைக் கொடுக்க வேண்டியதாயிற்று.